ஸ்பேர் சில்லு இல்லாத காரும் ஒட்டுசுட்டான் வீதியும்

யப்பானிலிருந்து வரும் சிறிய ஹைபிரிட் கார்களில் பலவற்றுக்கு ஸ்பேர் சில்லு கிடையாது. பின்தட்டைத் தூக்கிப் பார்த்தால் ஒரு ரெஜிபோம் பெட்டிதான் இருக்கும். அதற்குள் கையடக்கமான காற்றுப் பம்ப் ஒன்று, ஓட்டையை அடைக்கும் திரவம் உள்ள போத்தல் ஒன்று. சில்லு இல்லாதபடியால் ஜக்கும் இல்லை, நட்டுக் கழற்றும் சாவியும் இல்லை. கொழும்பிலோ கண்டியிலோ இது பெரிய பிரச்சினை இல்லை, நாலு சந்திக்கு ஒரு ரயர் கடை இருக்கும். மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் ஏ-34 வீதியில் கதை வேறு.

வவுனியாவிலிருந்து முள்ளியவளைக்கு ஒரு சாமத்தியவீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தோம். நான், மனைவி, மகள், பின்னிருக்கையில் மாமி. ஞாயிற்றுக்கிழமை, ஆவணி வெயில். மாங்குளத்தில் ஏ-9ஐ விட்டு வலப்பக்கம் திரும்பி, ஒலுமடு, கரிப்பட்டமுறிப்பு எல்லாம் தாண்டிய பிறகு காரின் பின்பக்கம் கனத்து இழுபடத் தொடங்கியது. கண்ணாடியை இறக்கியதும் 'தப் தப்' என்ற சத்தம். இடது பின்சில்லு.

காற்றுக் குறைந்த ரயரில் 'அடுத்த கடை வரைக்கும்' என்று ஓடுவதுதான் ஆபத்து. பாரம் முழுவதும் ரயரின் பக்கச் சுவரில் இறங்கி, அது ரிம்முக்கும் தாருக்கும் இடையில் நசுங்கும். ஆணி போட்ட ஓட்டையை ஒட்டலாம், நசுங்கிய பக்கச் சுவரை எந்தக் கடைக்காரராலும் ஒட்ட முடியாது. அதனால் உடனே ஓரம் கட்டினேன். ஓரம் என்றாலும் தார் விளிம்போடுதான். மிதிவெடி அகற்றிய காணிகள் என்றாலும், தேய்ந்த தடத்தை விட்டுப் பற்றைக்குள் கால் வைக்காத பழக்கம் இந்தப் பக்கத்து ஆட்களுக்கு இன்னும் போகவில்லை. சில்லுக்கு அண்டை கொடுக்கக் கல் தேடக்கூட நான் உள்ளே இறங்கவில்லை.

ரயரின் நடுப்பகுதியில், தவாளிப்புக்குப் பக்கத்தில், கூரைத்தகட்டுக்கு அடிக்கும் ஆணி ஒன்று தலை வரை ஏறியிருந்தது. விரலில் எச்சில் தொட்டு வைத்தேன், தலையைச் சுற்றிச் சின்னச் சின்னக் குமிழிகள். மனைவி பிடுங்கச் சொன்னாள். பிடுங்கக்கூடாது, ஆணிதான் அந்த நேரத்து மூடி. பம்பைப் பொருத்திப் பார்த்தால், 32 பி.எஸ்.ஐ. காற்று இருக்கவேண்டிய ரயரில் 14 இருந்தது.

போத்தலின் திகதி எப்போதோ முடிந்திருந்தது. பாவித்த கார் வாங்கிய பலரின் போத்தல் இப்படித்தான் இருக்கும், அந்தத் திரவத்துக்கு நாலைந்து வருடம்தான் ஆயுள். திகதி இருந்திருந்தாலும் அதைக் கடைசி வழியாகத்தான் வைத்திருப்பேன். உள்ளே போனால் பால் மாதிரி எங்கும் பரவி ஒட்டிக்கொள்ளும், பிறகு ஒட்டுப் போடுகிறவர் அதைச் சுரண்டித் துடைத்துவிட்டுத்தான் வேலை தொடங்கவேண்டும். பம்ப் வேறு விஷயம். காரை இயக்கத்தில் வைத்துக்கொண்டு சிகரெட் லைட்டர் துளையில் செருகினால் போதும். பத்து நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து ஓடவிட்டால் சூடேறிவிடும், இடையில் ஆறவிட வேண்டும். அவ்வளவுதான் அதன் குறை.

இதற்கிடையில் காப்புறுதி நிறுவனத்தின் அவசர இலக்கத்துக்கும் எடுத்தேன். தமிழிலேயே கதைத்த பிள்ளை மிகவும் மரியாதையாக, வவுனியாவிலிருந்து ஆள் வர இரண்டரை மணித்தியாலம் ஆகும் என்றாள். சரி, வரச் சொல்லி வைக்கலாமா? ஒட்டுசுட்டான் பக்கம் பொழுதுபட்டால் யானை வீதிக்கு இறங்கும், சின்னப் பிள்ளையோடு அதுவரை காத்திருக்க மனமில்லை. தேவையென்றால் திரும்ப எடுக்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

காற்றை 35 வரை ஏற்றி, முப்பது கிலோமீற்றர் வேகத்தில் உருட்டினேன். கொஞ்சத் தூரம் போய் அளவு பார்ப்பது, குறைந்ததை அடிப்பது, திரும்ப உருட்டுவது. இப்படியே ஒட்டுசுட்டான் போய்ச் சேர்ந்திருக்கலாம். ஆனால் ஒரு மதகுக்குப் பக்கத்தில் வீதி குண்டும் குழியுமாக இருந்த இடத்தில் ஆணி கழன்று போய்விட்டது. இந்த முறை எச்சில் தேவைப்படவில்லை, சீறும் சத்தம் மாமிக்கே கேட்டது.

முதலில் வந்தது லாண்ட்மாஸ்டர் ஒன்று, பெட்டி பூட்டிய இரண்டு சில்லு உழவு மெசின். வைக்கோல் ஏற்றி வந்த ஐயா இறங்காமலே, "சில்லைக் கழட்டிக் கொண்டு போங்கோ தம்பி, காரை இழுத்தடிக்காதேங்கோ" என்றார். ஜக் இல்லை என்றதும் அவர் காரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். இவ்வளவு காசுக்கு வாங்கின வாகனத்தில் ஜக் இல்லையா என்று அவர் கேட்கவில்லை, ஆனால் கேட்டது போலத்தான் இருந்தது. பின்னால் வந்த டிப்பரைக் கை காட்டி மறித்ததும் அவர்தான்.

டிப்பர்க்கார அண்ணையிடம் போத்தல் ஜக் இருந்தது. லொறிக்கு ஏற்ற உயரம். காற்றுப் போய்க் குந்திவிட்ட காரின் அடியில் அது நுழையவில்லை, நாலு விரல் இடைவெளி போதவில்லை. வீதியைத் தோண்டவும் முடியாது. அவர் ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, "உங்கட பம்பைப் போடுங்கோ" என்றார். ஓட்டைக்குள் ஒரு திருகாணியை முறுக்கி ஏற்றினார். காற்று முழுதாக நிற்கவில்லை, ஆனால் பம்ப் அடிக்கும் வேகம் கசியும் வேகத்தை வென்றது. ரயர் மெல்ல எழும்ப, காரும் எழும்ப, ஜக் உள்ளே போனது. அதன் தலை வைக்கும் இடத்தில் ஒரு பலகைத் துண்டு வைத்தார். வெறும் இரும்பை வைத்தால் காரின் அடிவிளிம்புத் தகடு மடிந்துவிடும் என்றார். நட்டுகளைச் சில்லு நிலத்தில் இருக்கும்போதே இளக்கிவிட வேண்டும், தூக்கிய பிறகு இளக்கப் போனால் சில்லு சுற்றும், கார் ஆடும். அவருடைய சாவிப் பொதியில் 19 ஆம் இலக்கம் பொருந்தியது.

அவருக்கு வேலை இருக்கிறது, ஜக்கை விட்டுவிட்டுப் போக முடியாது. டிப்பரில் இருந்த சீமெந்துக் கல்லை அடியில் வைக்கலாமா என்று கேட்டேன். "அது வெடிச்சுக் கொட்டுப்படும், மரக்குத்தி வேணும்." லாண்ட்மாஸ்டர் ஐயா மதகுக்கு அப்பால் இருந்த தன் வீட்டிலிருந்து இரண்டு பாலைக் குற்றிகள் கொண்டுவந்தார். பின் அச்சுக்கு அடியில் அவற்றை அடுக்கி, காரை அதன்மேல் இறக்கினோம். மற்றப் பக்கத்துச் சில்லுக்கு முன்னும் பின்னும் விறகுக் கொட்டன்கள். அண்ணை காசு வாங்கவில்லை. பொம்பிளைகள் ஐயாவின் வீட்டுத் திண்ணைக்குப் போனார்கள், அங்கே தேத்தண்ணியும் ஊர்க்கதையும்.

நான் சில்லோடு ஓட்டோவில் ஒட்டுசுட்டான் சந்திக்குப் போனேன். ஞாயிறு என்றாலும் ரயர் கடைக்காரர் வீடு பின்னாலேயே இருந்தது, ஓட்டோக்காரர் கூப்பிட்டதும் வந்தார். ரிம்மிலிருந்து ரயரைப் பிரித்து, உள்ளே கையை விட்டு ஒரு சுற்றுத் தடவி, உள்ளங்கையைக் காட்டினார். கருந்தூள். காற்றில்லாமல் ஓடிய ரயரின் பக்கச் சுவர் உள்ளுக்குள் அரைபட்டால் இப்படித் தூள் கொட்டும். அள்ளும் அளவுக்கு இருந்தால் ரயரை எறிய வேண்டியதுதான். என்னுடையதில் விரலில் ஒட்டும் அளவுதான் இருந்தது. "இப்ப ஓடலாம், கெதியா மாத்துங்கோ" என்றார். வெளியிலிருந்து பிசின் கயிறு குத்துவது ஐந்து நிமிட வேலை. அவர் அதைச் செய்யாமல் உட்பக்கம் சுரண்டி ஒட்டுப் போட்டார். தூரப் பயணத்துக்கு உள் ஒட்டுத்தான் நம்பிக்கை என்பது அவர் கட்சி, நானும் அதே கட்சி. ஒட்டுப் போட்ட ரயரைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிப் பார்த்துவிட்டுத்தான் தந்தார். கடையிலிருந்த ஜக்கையும் சாவியையும் தன் மகனிடம் கொடுத்து, எங்களோடு ஓட்டோவில் அனுப்பினார். பையன் நட்டுகளை எதிரெதிராக மாறி மாறி இறுக்கினான், காரை இறக்கிய பிறகு இன்னொரு தரம்.

சாமத்தியவீட்டில் சாப்பாடு மட்டும் மிச்சம் இருந்தது.

அந்த வாரமே வவுனியாவில் பின்பக்க ரயர்கள் இரண்டையும் மாற்றினேன். பாவித்த உதிரிப்பாகக் கடையில் மெல்லிய தற்காலிகச் சில்லு ஒன்றும் கிடைத்தது. வாங்கப் போகிறவர்கள் நட்டு எத்தனை, எதிரெதிர் நட்டுகளுக்கு இடையில் எவ்வளவு, நடுத்துளை எவ்வளவு என்ற மூன்றையும் குறித்துக்கொண்டு போங்கள். என் காருக்கு நாலு நட்டு, 100 மில்லிமீற்றர், நடுத்துளை 54. நட்டுக் கணக்கு ஒத்துவந்தும் நடுத்துளை வேறாக இருக்கும் சில்லுகள் உண்டு. கடையிலேயே காரில் மாட்டிப் பார்த்துவிட்டு வாங்குவது நல்லது. இந்த மெல்லிய சில்லுக்கு 60 காற்று வேண்டும், 80 கிலோமீற்றர் வேகத்தைத் தாண்டக்கூடாது, இரண்டும் அதன் பக்கத்திலேயே அச்சிட்டிருக்கும். பாவிக்காமல் கிடந்தாலும் காற்று இறங்கும், அதனால் இடைக்கிடை பம்பைப் போட்டுப் பார்க்கிறேன். கூடவே ஒரு கத்திரி ஜக், 19 ஆம் இலக்கச் சாவி, ஒரு சாண் பலகை. எல்லாம் ரெஜிபோம் பெட்டிக்குள் அடங்கவில்லை, பெட்டியைத் தூக்கி எறிந்துவிட்டுப் பட்டியால் கட்டி வைத்திருக்கிறேன். மாமிக்குத்தான் கோபம், முள்ளியவளையிலிருந்து பலாப்பழம் ஏற்ற இடமில்லையாம்.