மூட்டுவலி மாத்திரை தந்த வயிற்றுப் புண்ணும் சீன வைத்தியமும்

முடக்குவாதத்துக்காக நாப்ராக்சன் சாப்பிட்டு வந்தேன். மலம் தார்போலக் கறுத்தது, உள்ளே இரத்தம் கசிவதன் அடையாளம். எண்டோஸ்கோப்பி எடுத்தார்கள், இரைப்பையில் புண். வழக்கமாகப் புண் உண்டாக்கும் ஹெலிகோபாக்டர் கிருமி இல்லை, மாத்திரைதான் காரணம் என்றார் மருத்துவர். வலியைத் தூண்டும் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் உடலில் உருவாவதை இந்த மாத்திரை தடுக்கிறது. இரைப்பையின் சளிப் படலத்தைக் காப்பதும் அதே புரோஸ்டாகிளாண்டின்தான். நாப்ராக்சனை நிறுத்திவிட்டு 8 வாரத்துக்கு, அமிலச் சுரப்பைக் குறைக்கும் ஒமெப்ரசோல் கொடுத்தார்.

கறுப்பு நின்றது, எரிச்சல் நிற்கவில்லை. சிங்கப்பூரில் சீன வைத்தியம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. 1867-இல் தொடங்கிய தோங் சாய் மருத்துவ நிலையம் இனம், மதம் பாராமல் இலவசமாகவே சிகிச்சை தருகிறது. நான் போனது எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்துக் கிளினிக்குக்கு. அதற்கு முன் என் மருத்துவரிடம் கேட்டேன். “ஒமெப்ரசோலை நிறுத்தாதீர்கள். என்னென்ன மூலிகை என்று எழுதி வாங்கி வாருங்கள்” என்றார்.

பதிவுபெற்ற வைத்தியர், வயதான பெண்மணி. நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார். இரு மணிக்கட்டிலும் மும்மூன்று விரல் வைத்து நெடுநேரம் நாடி பார்த்தார். பிறகு நான் சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் மேசையில் வைக்கச் சொன்னார். இரத்த அழுத்த மாத்திரை அட்டையைக் கண்டதும், எழுதியிருந்த அதிமதுரத்தை ஒரு கோடு போட்டு அடித்தார். வயிற்றுக்கு அது நல்ல மருந்துதான். ஆனால் அழுத்தத்தை ஏற்றும், பொட்டாசியத்தை இறக்கும். நான் சாப்பிடும் நீர்பிரிக்கும் மாத்திரையும் பொட்டாசியத்தைக் குறைப்பதுதான். அந்த ஒரு கோட்டில் அவர்மேல் எனக்கு முழு நம்பிக்கை வந்துவிட்டது.

தந்தது வூபெய்சான்: கடல் நுரையும் செபெய்மு கிழங்கும் கலந்த பொடி. கடல் நுரை என்பது கணவாய் ஓடு, பெரும்பாலும் சுண்ணாம்புச் சத்து, அமிலத்தை முறிக்கும். கூடவே வழவழப்பான பைஜி கிழங்குப் பொடி. வெந்நீரில் குழைத்தால் கஞ்சிப் பசைபோல நாக்கில் ஒட்டும். ருசி என்று எதுவும் இல்லை. மற்ற மாத்திரைகளை உடல் ஏற்பதைத் தடுக்கும் என்பதால் 2 மணி நேரம் இடைவெளி விடச் சொன்னார்.

மறு எண்டோஸ்கோப்பியில் புண் ஆறியிருந்தது. ஒமெப்ரசோலும் சேர்ந்தே போனதால், ஆற்றியது பொடிதான் என்று சொல்ல மாட்டேன். சாப்பாட்டுக்குப் பின் வரும் எரிச்சல் அடங்கியது பொடி தொடங்கிய பிறகுதான். புண் ஆறியதும் பொடியை நிறுத்தச் சொன்னவரும் அந்த வைத்தியர்தான். மூட்டுக்கு இப்போது வேறு மருந்து.