குடியாத்தத்து பேஸும் ஒரு கண்டன்சரும்

ஏப்ரல் 27

குடியாத்தம் ஆர்க்கெஸ்ட்ரா அண்ணன் பேஸ் கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு சத்துவாச்சாரிக்கே வந்துவிட்டார். ஃபெண்டர் கம்பெனியின் பழைய பிரிசிஷன் மாடல். "இன்னா தம்பி, டோனைக் குறைச்சா கம்பளி போத்துன மாதிரி ஆயிடுது. முழுசா திறந்தா காதைக் கிழிக்குது. நடுவுல ஒண்ணுமே இல்ல." வைகாசி ஒண்ணாம் தேதி கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. அதற்குள் வேண்டுமாம்.

ஏப்ரல் 29

தந்தியைத் தளர்த்தி, முகப்பு மூடியான பிக்கார்டைத் திறந்தேன். வால்யூம் பாட்டின், அதாவது குமிழுக்கு அடியிலிருக்கும் மாறு மின்தடையின், விளிம்பில் 1377633 என்று எண். 137 என்றால் சி.டி.எஸ். கம்பெனி, 76 வருஷம், 33 வாரம். அது பாட் செய்த தேதி. கிட்டாரைப் பூட்டியது அதற்கப்புறம்தான். பக்கத்திலிருந்த டோன் பாட்டில் அப்படி எண் எதுவும் இல்லை. பி500கே என்று மட்டும் அச்சு, அதாவது பி வகை, 500 கிலோ ஓம். யாரோ எப்போதோ மாற்றியிருக்கிறார்கள். கூடவே 104 கண்டன்சர், அதாவது 0.1 மைக்ரோஃபாரட். இந்த வகையில் ஃபெண்டர் போட்டது 250கே பாட், 0.05 கண்டன்சர்.

அண்ணன் சொன்னது அச்சு அசலாக இதுதான். டோன் குமிழ் எதையும் கூட்டித் தருவதில்லை. மேல் சுரத்தைக் கண்டன்சர் வழியாக எர்த்துக்கு வடித்துவிடுகிறது, அவ்வளவே. பி வகைப் பாட்டில் மின்தடை ஒரே சீராக மாறும். காதுக்கு அது சீராகத் தெரியாது. முக்கால்வாசி திருகும்வரை ஒன்றும் நடக்காது, கடைசியில் தடாலென்று விழும். காதுக்கு ஏற்றபடி மின்தடை மாறும் ஏ வகை போட்டால்தான் வழி முழுக்க வேலை செய்யும்.

மே 2

"ரெண்டு பாட்டையும் புதுசா போட்டுடேன்" என்றார் போனில். மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். வால்யூம் பாட்டை அளந்தேன், 236கே. க்ளீனர் அடித்ததும் கரகரப்பும் போய்விட்டது. தந்தி அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப்பின் கம்பி அதன் காதில் ஏறியிருக்கும் இடத்தில் ஈயம் மங்கிச் சாம்பல் பூத்திருக்கிறது. கம்பெனியில் வைத்த பற்று அது. ஒருமுறை உருக்கினால் திரும்ப வராது. பின்னால் கை வைத்தவரின் பற்று பளபளவென்று உருண்டையாகத் தனியே தெரிகிறது. நான் தொடுவது அந்த உருண்டையை மட்டும்தான்.

மே 6

ரிச்சி தெருவிலிருந்து ஏ250கே வந்தது. கத்திரி வெயிலில் ஃபேனுக்குக் கீழே சால்டரிங் அயர்னைப் பிடிக்க முடியவில்லை. சாயங்காலத்துக்குத் தள்ளிவிட்டேன்.

மே 9

கண்டன்சரை உள்ளே பற்ற வைக்காமல், முதலைக் கிளிப்பில் வெளியே தொங்கவிட்டு, அண்ணனை வாசிக்கச் சொன்னேன். 104, 473 (0.047), 333 (0.033), 223 (0.022) என்று ஒவ்வொன்றாக மாற்றினேன். டோனை முழுசாகத் திறந்து வைத்தால் நாலுக்கும் வித்தியாசம் தெரியாது. மூடினால்தான் பேச்சே.

வீட்டு ஸ்பீக்கரில் அவருக்கு 473 பிடித்தது. எனக்கும்தான். ஆனால் திருவிழாவில் பாதிக் கூட்டம் கேட்பது தெருக்கோடிக் குழாய் ஸ்பீக்கரில். அடித்தந்தி ஈ-யின் 41 ஹெர்ட்ஸை அந்தக் குழாய் தரவே தராது. 82, 123, 164 என்று மேலே நிற்கும் அதன் மடங்குகளை வைத்துத்தான் காது அடிச்சுரத்தைப் பிடித்துக்கொள்கிறது. மூடிய டோனில் 104 இருந்தால் சுமார் 200-க்கு மேல் எல்லாம் சரிகிறது. 223 என்றால் அந்த வெட்டு 400-ஐத் தாண்டிப் போகிறது. மடங்குகள் நிறையத் தப்பிக்கின்றன.

சின்னக் குழாய் ஒன்றில் இணைத்துக் காட்டினேன். டோலக் தம்பியும் கூட வாசித்தான். 104-இல் பேஸ் எங்கே போனதென்றே தெரியவில்லை. 223-இல் ஒவ்வொரு சுரமும் டோலக்கின் தொப்பிக்கு, அதன் கனத்த பக்கத்துச் சத்தத்துக்கு, மேலே தனியாக நின்றது. "இதையே வெச்சிடுப்பா" என்றார். பழைய ராஜா பாட்டுகளில் பேஸ் தனியாக ஒரு மெட்டு பாடிக்கொண்டு போகும். அது கடைசி வரிசைக்குப் போய்ச் சேராவிட்டால் இத்தனை வருஷம் பழகி என்ன பயன்?

மே 12

ஏ250கே, 223 உள்ளே போய்விட்டன. கண்டன்சர் கால்களுக்கு ஸ்லீவ் போட்டேன். பிக்கார்டுக்கு அடியிலுள்ள அலுமினியத் தகட்டில் ஒரு கால் உரசினால் போதும், சத்தமே நின்றுவிடும். கழற்றிய பாட்டையும் 104-ஐயும் ஒரு கவரில் போட்டு, எது எங்கே இருந்தது என்று படம் வரைந்து, பெட்டிக்குள் ஒட்டினேன். டோன் இப்போது பத்திலிருந்து ஒன்றுவரை படிப்படியாக இறங்குகிறது. நாளை காலை வந்து எடுத்துக்கொள்கிறார். தந்தி மாற்றுவதைப் பற்றித் திருவிழா முடிந்து பேசலாம் என்றிருக்கிறோம்.