கொப்பியின் கடைசிப் பக்கம்

கொழும்பு றோயல் கல்லூரியில் தமிழ் மொழிமூல வகுப்புகளுக்குக் கணிதம் படிப்பித்த நாட்களை நினைத்தால், பாடவேளைகளை விட இடைவேளைகள்தான் முதலில் ஞாபகம் வரும்.

1835இல் தொடங்கி, கொழும்பு அக்கடமியாக இருந்து, 1881இல் இன்றைய பெயரைப் பெற்ற பள்ளிக்கூடம் அது. முதலாம் தரத்திலிருந்து பதின்மூன்றாம் தரம் வரை 8,000க்கு மேற்பட்ட பையன்கள். சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்று மொழிமூலமும் ஒரே மதிலுக்குள். நாட்டின் பெரும்பாலான பள்ளிக்கூடங்களில் இது கிடையாது. சிங்களக் கூட்டாளி ஒருவன்கூட இல்லாமலே உயர்தரம் முடித்து வெளியேறும் பிள்ளைகள் எத்தனையோ பேர்.

தரம் ஐந்து புலமைப்பரிசில் பரீட்சையில் நல்ல புள்ளி எடுத்த வெளி மாவட்டப் பிள்ளைகள் ஆறாம் தரத்துக்கு வருவார்கள். அப்படி ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஒருவன் வந்து விடுதியில் தங்கினான். இடாப்புக் கூப்பிட்டால் எழும்பி நின்றுதான் பதில் சொல்வான். கொப்பியில் ஒரு வரி வீணாக்க மாட்டான். இடைவேளையில் மட்டும் யன்னலோரம் இருந்த இடத்தை விட்டு அசைய மாட்டான்.

"ஏன் மகன், விளையாடப் போகல்லையா?"

"எல்லாரும் சிங்களத்துல கத்துறாங்க டீச்சர். எனக்கு வெளங்காது."

இரண்டாம் மொழிச் சிங்களப் பாடத்தில் எழுத்துக்கூட்டி வாசிப்பான். பேச வாய் வராது. அதற்காக அவனை நான் வற்புறுத்தவில்லை. பதினொரு வயதுப் பிள்ளை, வீட்டை விட்டு வந்து மூன்று கிழமைதான்.

ஒருநாள் வெளியே டென்னிஸ் பந்துக் கிரிக்கெட்டில் ஓட்டக் கணக்குச் சண்டை. யன்னலுக்குள் இருந்து, "விசி துனய்!" என்று ஒரு குரல். சிங்களத்தில் இருபத்து மூன்று. அவன்தான். பார்த்துக்கொண்டே மனதுக்குள் எண்ணியிருக்கிறான். சண்டை போட்டவர்கள் இரு பக்கமும் அதை ஏற்றுக்கொண்டார்கள்.

அடுத்த நாளிலிருந்து அவன்தான் ஸ்கோரர். கணக்குக் கொப்பியைத் திருப்பிப் பார்த்தேன். கடைசிப் பக்கத்தில் கசுன், தினெத், ரவிந்து என்று சிங்களப் பெயர்கள் தமிழ் எழுத்தில். ஓட்டமில்லாத ஒவ்வொரு பந்துக்கும் ஒரு புள்ளி வைத்திருந்தான். நான் ஏசவில்லை. கணக்கு முடிக்கவில்லை என்று இடைவேளையில் பிள்ளைகளை மறித்து வைக்கும் பழக்கத்தையும் அன்றோடு விட்டேன்.

மூன்றாம் தவணையில் முன்பக்கக் கணக்கும் பின்பக்க ஸ்கோரும் கொப்பியின் நடுவில் வந்து முட்டிக்கொண்டன. புதுக் கொப்பி கேட்டு வந்தான். இரண்டு கொடுத்தேன்.