வேறு பெயரில் வரும் ஓசிடி

ஓசிடி, அதாவது வேண்டாத எண்ணம் திரும்பத் திரும்ப வந்து வதைக்கும் எண்ணச் சுழற்சி நோய் என்றதும் ஓயாமல் கை கழுவுகிறவர்தான் பலருக்கு நினைவுக்கு வருவார். மனநல மருத்துவராக நான் பார்க்கிறவர்களில் நிறையப் பேர் அப்படி வருவதில்லை. பதற்றம், மனச்சோர்வு, கவனக்குறைவு என்று வேறு பெயரோடு வருகிறார்கள். கை கழுவுகிறவர்களும் நேராக வருவதில்லை. களிம்புக்கு ஆறாத தோல் வெடிப்பைப் பார்த்துத் தோல் மருத்துவர் அனுப்பி வைப்பார்.

அதிகம் குழப்புவது, இல்லாத குரல் காதில் கேட்கக்கூடிய மனச்சிதைவு நோய். "குழந்தையைக் கீழே போட்டுடுன்னு உள்ளே ஒரு குரல் சொல்லுது டாக்டர்" என்றார் ஒரு தாய். முந்தைய சீட்டில் மனச்சிதைவுக்கான மாத்திரை. வீட்டார் பயந்து குழந்தையைப் பிரித்து வைத்திருந்தார்கள். காதில் விழுகிறதா, மனதில் ஓடுகிறதா என்று கேட்டேன். "மனசுலதான். என் நினைப்புதான். ஆனா நான் அப்படிப்பட்டவ இல்லையே!"

அந்தக் கடைசி வாக்கியத்தில்தான் விஷயம் இருக்கிறது. எண்ணம் அவருக்கே அருவருப்பு. அதனால்தான் குழந்தையைத் தூக்கவே பயப்படுகிறார். பிரசவத்துக்குப் பின் வரும் தீவிர மனநோயில், அந்த எண்ணம் நியாயமானது என்றே தாய் நம்பக்கூடும். அங்கே ஆபத்து நிஜம். இங்கே இருப்பது ஓசிடி; குழந்தையைப் பிரிப்பது அவருடைய பயத்தைத்தான் வளர்க்கும்.

பதற்ற நோயோடு குழப்பிக்கொள்வதில் ஆச்சரியமில்லை. அமெரிக்க மனநோய் வகைப்பாட்டில் 2013 வரை ஓசிடி அந்தக் கூட்டத்தில்தான் இருந்தது. ஆனால் "அதெல்லாம் நடக்காதுங்க" என்று ஆறுதல் சொன்னால், ஓசிடிக்காரர் அதையே மறுபடி மறுபடி கேட்க ஆரம்பித்துவிடுவார். கை கழுவுவதைப் போல, ஆறுதல் கேட்பதும் பயம் தணியத் திரும்பத் திரும்பச் செய்யும் ஒரு சடங்காகிவிடும். பயத்தை எதிர்கொண்டு, சடங்கைச் செய்யாமல் இருக்கப் பழக்கும் சிகிச்சை வேண்டும். மாத்திரையும் அப்படித்தான்: மனச்சோர்வுக்குத் தருவதைவிடப் பெரும்பாலும் கூடுதல் அளவு, பலன் தெரிய 8 முதல் 12 வாரம். மனச்சோர்வு என்று நினைத்து ஒரே மாதத்தில் நிறுத்தியவர்கள் "மருந்து கேட்கலை" என்று வருகிறார்கள்.

மேசையில் பேனாவை நேராக அடுக்கும் மேலதிகாரியை அலுவலகமே ஓசிடி என்று கிண்டல் செய்யும். அது ஓசிடி இல்லை. அவருக்கு அதில் திருப்தி, அவதிப்படுவது மற்றவர்கள்தான்.

மாணவர்கள் விஷயத்தில்தான் எனக்கு நேரம் பிடிக்கிறது. பாடத்தில் கவனமே இல்லை என்று ஆசிரியர் எழுதி அனுப்புவார். பையனோ 'சரியாகப் படித்தோம்' என்று மனம் ஒப்பும் வரை ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருப்பான். வெளியே பார்க்கக் கவனக்குறைவும் இதுவும் ஒன்றுதான். நாமாகக் கேட்காமல் அவன் சொல்லவும் மாட்டான்.