ஊட்டிக் குளிரில் ஒரு ஆஸ்கி

எம்.பி.பி.எஸ்.ஸில் மனநல மருத்துவத்துக்குத் தனிப் பரீட்சை கிடையாது. ஜெனரல் மெடிசினுக்குள் ஒரு மூலை. அதனால் மாணவர்கள் எங்கள் பிரிவில் பயிற்சி பெறும் போஸ்டிங் முடிவில், ஆசிரியர்கள் நாங்களே ஏதாவது வைத்தால்தான் உண்டு. போன வருஷம் அந்தப் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

நிஜ நோயாளியை வைத்தால் ஒருவனுக்கு வாய் திறக்காதவர் வருவார், இன்னொருவனுக்குக் கதையாகக் கொட்டுபவர். அதிர்ஷ்டப் பரீட்சை. ஆகவே ஆஸ்கி (OSCE): 1975-ல் ஸ்காட்லாந்தின் டண்டியில் ஹார்டன் குழு கொண்டுவந்த செய்முறைத் தேர்வு முறை. எல்லோருக்கும் ஒரே ஸ்டேஷன் (ஒரு மேசை, ஒரு வேலை), மார்க் போட ஒரே செக்லிஸ்ட், மணி அடித்தால் நகர வேண்டும்.

முதல் திருத்தம் கவனத்தைச் சோதிக்கும் ஸ்டேஷனில். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொல்வது பழக்கம். பள்ளிக்கூடம் பார்க்காதவரிடம் அது கவனத்தையா சோதிக்கும்? கணக்கைத்தான். இருபதிலிருந்து மூன்று என்று மாற்றினேன்.

முக்கியமானது தற்கொலை அபாயம் கேட்கும் ஸ்டேஷன். கேன்டீன் அக்கா நடிக்கச் சம்மதித்தார். வீட்டில் நீலகிரியின் படுகு மொழி பேசுபவர். "நிஜமாவே அழணுமா சார்?" என்றார். வேண்டாம், உடம்பு வலி, கொழுந்து பறிக்கக் கை வரல என்று மட்டும் சொல்லுங்கள். எடுத்த எடுப்பில் கேட்டால் "இல்லைங்க", பதமாகக் கேட்டால் மனசில் இருப்பதைச் சொல்லுங்கள் என்றேன்.

ஒரு பையன் இரண்டாவது நிமிஷமே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, "தற்கொலை எண்ணம் உண்டா?" "இல்லைங்க." டிக். அடுத்து வந்த பெண் தூக்கத்தில் ஆரம்பித்தாள். விடியுமுன்னே முழிப்பு வருதா என்றாள். கொஞ்சம் பொறுத்து, "இப்படி வாழ்ந்து என்னன்னு தோணியிருக்காக்கா?" அக்கா சால்வையை இழுத்துக்கொண்டார். "தோணும்மா. புள்ளைய நெனச்சுக்குவேன்." முன்பு முயற்சி செய்ததுண்டா என்று கேட்பதற்குள் மணி அடித்துவிட்டது.

இருபதுக்கு அவனுக்குப் பதினாலு, அவளுக்குப் பன்னிரண்டு. நான் போட்ட செக்லிஸ்ட்தான்; குற்றம் என்னுடையது. கேள்விக்கு மார்க் வைத்தேன், பதிலுக்கு வைக்கவில்லை. அடுத்த பேட்ச்சுக்கு, பேசிய விதத்தை முழுசாகப் பார்த்துப் போடும் மொத்த மதிப்பீடு என்று ஒரு பகுதியும், நோயாளியாக நடித்தவர் போடும் மார்க்கும் சேர்த்தேன். அக்காவிடம் இருவரைப் பற்றியும் கேட்டேன். "அந்தப் பொண்ணுகிட்டன்னா மறுபடி வருவேன். தம்பி பாவம், பஸ்ஸைப் பிடிக்கப் போற மாதிரி கேட்டுச்சு."

நடித்து முடித்தவரை அந்தப் பாத்திரத்திலிருந்து இறக்கிவிட வேண்டும், பத்து நிமிஷமாவது பேசி. அவசரத்தில் அதை விட்டுவிட்டேன். மறுநாள் டீ கொடுக்கும்போது சொன்னார்: "அடுத்த தடவ நல்லா இருக்கிற ஆளா குடுங்க சார். ராத்திரி பூரா அந்தப் பொம்பள நெனப்பாவே இருந்துச்சு."