பாய்மரப் படகுக்காகக் கால்வாய் ஓர வீடு: கடல் வரையுள்ள பாதையை முதலில் பாருங்கள்

ஃபுளோரிடாவின் தென்மேற்குக் கரையில், கேப் கோரல், புண்டா கோர்டா பக்கம் வீடு தேடுகிறவர்கள் முதலில் பார்ப்பது சமையலறையையும் நீச்சல் குளத்தையும்தான். பாய்மரப் படகு வைத்திருப்பவர்கள் இந்த வரிசையைத் தலைகீழாக மாற்ற வேண்டும். சமையலறையை இடித்துக் கட்டிக்கொள்ளலாம், கூரையை மாற்றலாம். வீட்டுத் துறைக்கும் மெக்சிகோ வளைகுடாவுக்கும் நடுவில் ஒரு தாழ்வான பாலமோ மணல் திட்டோ இருந்தால் அதை உங்களால் ஒன்றும் செய்ய முடியாது. ஆகவே வீட்டுக்குள் நுழையும் முன்பே அந்தப் பாதையைப் பரிசோதித்துவிட வேண்டும்.

விளம்பரத்தில் ‘கல்ஃப் ஆக்சஸ்’ என்றிருந்தால் கடலுக்கு வழி உண்டு, அவ்வளவுதான். கேப் கோரலின் 400 மைலுக்கு மேற்பட்ட கால்வாய்களில் கணிசமானவை நன்னீர்க் கால்வாய்கள். அவற்றுக்குக் கடலோடு தொடர்பே கிடையாது. உப்புநீர்க் கால்வாய்களிலும் பலவற்றின் குறுக்கே சாலைப் பாலங்கள் இருக்கின்றன. நீர்மட்டத்திலிருந்து சுமார் 8 முதல் 10 அடி உயரம்தான். மோட்டார் படகு நுழைந்துவிடும், மாஸ்ட், அதாவது பாய் கட்டும் உயரமான தூண், உள்ள படகு நுழையாது. ‘செயில்போட் ஆக்சஸ்’ என்றால் குறுக்கே நிலையான பாலம் இல்லை என்று பொருள். ஆனால் எதுவரை இல்லை? கால்வாயிலிருந்து கலூசஹாச்சி ஆறு வரை பாலம் இல்லை என்பதோடு பல முகவர்கள் நிறுத்திக்கொள்கிறார்கள். ஆற்றின் மீதுள்ள கேப் கோரல் பாலத்துக்கும் மிட்பாயிண்ட் பாலத்துக்கும் அடியில் கிடைக்கும் இடைவெளி 55 அடி. வீடு இவற்றுக்கு மேலே, ஆற்றின் உட்பக்கம் இருந்தால் 55 அடிதான் உங்கள் உச்சவரம்பு. இரண்டுக்கும் கீழே, கடல் பக்கம் இருந்தால் சானிபெல் தீவுக்குக் கடலைக் கடந்து போகும் சாலையான சானிபெல் காஸ்வேயின் உயரமான பாலம் மட்டுமே குறுக்கிடும். அது 70 அடி.

இந்த எண்களை உங்கள் படகோடு ஒப்பிடும்போது தயாரிப்பாளரின் கையேட்டை மட்டும் நம்பாதீர்கள். அதில் உள்ள மாஸ்ட் உயரம் பெரும்பாலும் உச்சியில் பொருத்தும் கருவிகளைச் சேர்க்காத உயரம். காற்றுமானி, நங்கூர விளக்கு, விஎச்எஃப் வானொலிக் கருவியின் ஆன்டெனா எல்லாம் அதற்கு மேலே நிற்கும்; ஆன்டெனா மட்டுமே 3 அடி வரும். கையேட்டில் 53 அடி என்றிருக்கும் படகு உண்மையில் 56 அடி ஆகிவிடும். சரியாக அளக்க வழி எளிது: காற்றில்லாத காலையில், நீளமான அளவு நாடாவின் நுனியைப் பாய் ஏற்றும் கயிற்றில் கட்டி உச்சிவரை ஏற்றி, மறுமுனையை நீர்மட்டத்தில் படியுங்கள். கயிற்றின் கப்பிக்கு மேலே இருப்பதைத் தனியாகக் கூட்டுங்கள். கடல் வரைபடத்தில் போட்டிருக்கும் பால உயரம் சராசரி உயர் ஓதத்தின்போது, அதாவது கடல் நீர் ஏறி நிற்கும்போது உள்ளது. ஓதம் வற்றியிருக்கும்போது கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கும். ஆனால் ஃபுளோரிடாவில் செப்டம்பர், அக்டோபரில் கடல் மட்டமே ஆண்டின் உச்சத்தில் இருக்கும். அப்போது வரும் பெரிய ஓதங்களில் எழுதியிருக்கும் 55 அடியும் கிடைக்காது. குறைந்தது 2 அடியாவது இடைவெளி விட்டுத்தான் வீடு தேட வேண்டும்.

கிழக்குக் கரையில் கணக்கு வேறு. கரையை ஒட்டி உட்பக்கமாகச் செல்லும் படகுப் பாதையான உள்கடல் நீர்வழியில் நிலையான பாலங்களுக்குப் பொது அளவு 65 அடி. மயாமியின் ஜூலியா டட்டில் காஸ்வே மட்டும் 56 அடி. உயரமான மாஸ்ட் உள்ளவர்கள் இந்த ஒரு பாலத்தால் மயாமியில் கடலுக்குள் இறங்கிச் சுற்றிப் போக வேண்டியிருக்கிறது. ஃபோர்ட் லாடர்டேலில் பெரும்பாலும் திறக்கும் பாலங்கள். கடக்கலாம், காத்திருக்க வேண்டும். அங்கே நியூ ரிவர் ஆற்றின் மீதுள்ள, திறந்து மூடும் ரயில் பாலம் மூடியிருக்கும்போது தண்ணீருக்கு மேல் சுமார் 4 அடிதான். அதற்கு மேற்கே வீடு வாங்குகிறவர்கள் ரயில்களின் நேரத்துக்கு ஏற்பத்தான் கிளம்ப முடியும். அதை ஏற்றுக்கொள்ள முடியுமா என்று முன்னமே முடிவு செய்துகொள்ளுங்கள்.

பாலத்தைப் பார்ப்பவர்கள் கூட மறப்பது மின்கம்பி. கால்வாயின் குறுக்கே போகும் கம்பியில் அலுமினிய மாஸ்ட் பட்டால் உயிர் போகும். தொட வேண்டும் என்றுகூட இல்லை, மிக நெருங்கினாலே மின்சாரம் பாயலாம். சின்னக் கிளைக் கால்வாய்களில் உள்ள கம்பிகள் எல்லாம் வரைபடத்தில் இருக்கும் என்று நம்பக் கூடாது. பாதை முழுவதையும் ஒருமுறை தண்ணீரில் போய், அண்ணாந்து பார்த்தே தீர வேண்டும்.

இனி ஆழம். பெரும்பாலோர் ஏமாறுவது இங்கேதான். 35 அடிப் படகுக்குச் சாதாரணக் கீல் (படகின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் கனமான தகடு) என்றால் நீருக்கடியில் 5 முதல் 6 அடி போகும். ஆழம் குறைந்த இடங்களுக்கென்றே செய்த கீல் என்றால் நாலரை, ஐந்து அடி. “துறையில் 6 அடி ஆழம்” என்று விற்பவர் சொல்வது பொய்யாக இருக்காது. எந்த மாதம், எந்த நேரம், சுவரிலிருந்து எத்தனை அடி தள்ளி அளந்தது என்பதுதான் கேள்வி.

வளைகுடாக் கரையில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் சிறியது, 2 அடியை ஒட்டி. அதனால் காற்று இங்கே ஓதத்தைவிடப் பெரிய வேலை செய்கிறது. ஜனவரி, பிப்ரவரியில் கடல் மட்டம் இயல்பாகவே ஆண்டின் தாழ்ந்த நிலையில் இருக்கும். அதோடு குளிர்காற்று முகப்பு ஒன்று கடந்து போனால், பின்னாலேயே வீசும் வடக்கு, வடகிழக்குக் காற்று, புண்டா கோர்டாவை ஒட்டிய சார்லட் துறைமுக விரிகுடாவின் தண்ணீரையும் ஆற்றுத் தண்ணீரையும் கடலுக்குள் தள்ளிவிடும். ஓத அட்டவணை காட்டும் தாழ்ந்த மட்டத்துக்கும் ஓரடிக்கு மேல் கீழே போய்விடும் நாட்கள் உண்டு. பாய்மரப் படகோட்டிகளுக்கு ஃபுளோரிடாவில் நல்ல காற்று கிடைப்பதும் அதே குளிர்காலத்தில்தான். ஆகவே ஜூலை மாதம் மதியம் பார்த்த ஆழத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள். கோடையில் அளக்க நேர்ந்தால், அளந்த நேரத்து ஓத உயரத்தை அட்டவணையில் பார்த்துக் கழித்து, அதற்கும் மேல் ஒன்றரை அடி கழித்து வரும் எண்ணே உங்கள் எண்.

அளப்பதற்கு எதிரொலி ஆழமானி இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் குறையில்லை. 10 அடி நீளமுள்ள பிவிசி குழாயில் அரையடிக்கு ஒரு கோடு போட்டு, சிறு படகில் போய், தாழ் ஓதத்தில் குத்திப் பாருங்கள். சுவரிலிருந்து 3 அடியில், 6 அடியில், 12 அடியில் என்று மூன்று வரிசை. கீல் எங்கே நிற்கும், சுக்கான் எங்கே நிற்கும் என்று அந்த இடங்களிலும் பாருங்கள். பலரும் கீலைப் பார்த்துவிட்டுச் சுக்கானை மறந்துவிடுகிறார்கள். குழாய் மெதுவாக இறங்கிப் பிடித்தால் சேறு, டக்கென்று நின்றால் பாறை. சேற்றில் கீல் அரையடி புதைந்து நின்றால் படகுக்கு ஒன்றும் ஆகாது. பாறையில் அதே அரையடி, ஒவ்வொரு தாழ் ஓதத்திலும் படகைத் தூக்கிப் போடும்.

துறையில் ஆழம் சரியாக இருந்தால் வேலை முடியவில்லை. ஆழம் குறையும் இடங்கள் எப்போதும் ஒரே மாதிரிதான்: கிளைக் கால்வாய் பெரிய கால்வாயில் சேரும் மூலை, மழைநீர்க் குழாய் வந்து விழும் இடம், கால்வாய் ஆற்றில் திறக்கும் வாய். குழாய் வாயில் சாலை மணல் ஒவ்வொரு மழைக்காலமும் வந்து சேர்ந்து மேடாகிவிடும். ‘தூர் வாரினால் போச்சு’ என்று முகவர் சொல்வதைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். மாநில, மத்திய அனுமதிகள் தேவை. அதைவிட முக்கியமாக, உங்கள் கீலுக்காகக் கரைச்சுவரின் அடியில் தோண்டினால் அந்தச் சுவரின் பிடிமானத்தையே எடுக்கிறீர்கள்.

தூரத்தை மைலில் பார்க்காமல் மணிக்கணக்கில் பாருங்கள். குடியிருப்புக் கால்வாய்களில் அலை எழுப்பாமல் மெதுவாகத்தான் போக வேண்டும். கடற்பசு பாதுகாப்பு மண்டலங்களிலும் அப்படியே. 3 நாட் (மணிக்கு 3 கடல் மைல்) வேகத்தில் 4 கடல் மைல் என்றால் ஒரு மணி இருபது நிமிடம் எஞ்சினில். போக வர இரண்டு மணி நாற்பது நிமிடம். மாலை இரண்டு மணி நேரம் பாய் விரிக்க ஆசைப்படுகிறவருக்கு இந்த வீடு உதவாது. சனிக்கிழமை கிளம்பி ஞாயிறு திரும்புகிறவருக்கு உதவும். புண்டா கோர்டாவில் வளைகுடா தூரம்தான். வளைகுடாவுக்குத் திறக்கும் போகா கிராண்டே கடல்வாய்க்குப் பாதி நாள் ஆகும். ஆனால் சார்லட் துறைமுக விரிகுடாவே பாய் விரிக்க அகலமான நல்ல நீர், கால்வாயிலிருந்து நேரே அதில் இறங்கலாம். தினம் தினம் பாய் விரிக்க நினைப்பவர்களுக்கு நான் புண்டா கோர்டாவைத்தான் சொல்வேன்.

மனையைப் பற்றி இரண்டு விஷயம் போதும். கேப் கோரலில் வழக்கமான மனை 80 அடி அகலம். படகும் துறையும் கால்வாயின் அகலத்தில் ஒரு குறிப்பிட்ட பங்குக்கு மேல் நீட்டக் கூடாது என்று ஊர் விதி இருக்கும். ஆகவே குறுகிய கால்வாயில் அகலமான படகு சிக்கல். எதிர்வீட்டுப் படகும் கட்டியிருக்கும்போது உங்கள் படகு திரும்ப இடம் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டாவது, கால்வாயின் முட்டுச்சந்து மனைகள். காட்சிக்கு அழகாக இருக்கும். ஆனால் மிதக்கும் குப்பையும் பாசியும் காற்றடித்து அங்கேதான் சேரும். பக்கத்து மனைகளின் எல்லைக் கோடுகள் தண்ணீருக்குள் நீளும்போது நடுவில் குறுகிப் போவதால், 40 அடிப் படகுக்கு இடமே இல்லாமலும் போகலாம். எல்லை அளவைப் படத்தில் தண்ணீர்ப் பக்கமும் கோடு போட்டுத் தரச் சொல்லுங்கள்.

கரைச்சுவரை நிதானமாகப் பார்க்க வேண்டும். வீட்டில் மிக விலையுயர்ந்த பாகம் அதுவாகவே இருக்கலாம். பெரும்பாலானவை கான்கிரீட் பலகைகள்; மேலே ஒரு கான்கிரீட் தொப்பி, மண்ணுக்குள் பல அடி தள்ளிப் புதைத்த நங்கூரக் கட்டைகளோடு இரும்புக் கம்பியால் பின்னுக்கு இழுத்துக் கட்டியிருக்கும். பின்னால் சேரும் மழைநீர் வெளியேற வடிதுளைகள். அந்தத் துளைகள் அடைத்துக்கொண்டால் பின்னால் நீர் ஏறும், முன்னால் கால்வாய் வற்றும். ஊறிய மண் சுவரைக் கால்வாய்க்குள் தள்ளும். 2017 செப்டம்பரில் இர்மா புயல் இந்தக் கரையோரத் தண்ணீரை உறிஞ்சி இழுத்தபோது புண்டா கோர்டாவில் சுவர்கள் சாய்ந்தது இதனால்தான். 2022-ல் இயன் புயலுக்குப் பிறகு இரண்டு ஊர்களிலும் நிறைய சுவர்களைப் புதிதாகக் கட்ட வேண்டியிருந்தது.

தாழ் ஓதத்தில், முடிந்தால் தண்ணீரிலிருந்து, சுவரைப் பாருங்கள். தொப்பியின் ஒரு முனையில் நின்று நீளவாட்டில் நோக்கினால் நடுவில் வயிறு தள்ளியிருப்பது தெரியும். தொப்பியின் பக்கவாட்டில் கிடையாக ஓடும் விரிசலும் துருக்கறையும், உள்ளே கம்பி துருப்பிடித்து வீங்குகிறது என்பதன் அடையாளம். பலகைகளின் இணைப்புக்கு நேரே புல்தரையில் சின்னக் குழி தெரிந்தால் மண் அந்த இடுக்கு வழியே கால்வாய்க்குப் போய்க்கொண்டிருக்கிறது. குழியில் புது மண் நிரப்பிப் புல் பதித்திருந்தால் இன்னும் கவனமாகப் பாருங்கள். புண்டா கோர்டாவின் கால்வாய்க் குடியிருப்புகளில் ஆண்டுக் கட்டணம் வாங்கிக்கொண்டு நகராட்சியே சுவரைப் பராமரிக்கிறது. கேப் கோரலில் செலவு முழுவதும் வீட்டுக்காரர் தலையில். இரண்டு ஊர் விலையையும் ஒப்பிடும்போது இதைச் சேர்த்துப் பாருங்கள். மத்திய அரசின் வெள்ளக் காப்பீடு கரைச்சுவருக்கும் துறைக்கும் ஒரு டாலர்கூடத் தராது.

அந்தக் காப்பீட்டின் உச்சவரம்பு கட்டடத்துக்கு 2,50,000 டாலர், உள்ளே இருக்கும் பொருளுக்கு 1,00,000. தரைமட்ட உயரச் சான்றிதழ் இருந்தால் வாங்கி, வெள்ள மட்டத்தோடு தரை எவ்வளவு வித்தியாசம் என்று பாருங்கள். 2024 அக்டோபர் 1 முதல் ஃபுளோரிடாவில் வீட்டை விற்பவர் வெள்ளம் பற்றிய தகவல் படிவத்தை ஒப்பந்தத்துக்கு முன் தர வேண்டும், கேட்டு வாங்குங்கள். பழைய தாழ்வான வீடுகளுக்கு ஐம்பது சதவீத விதியும் உண்டு: பழுது அல்லது மேம்பாட்டுச் செலவு, நிலத்தை விட்டுக் கட்டடத்தின் மதிப்பில் பாதியைத் தொட்டால், வீடு முழுவதையும் இன்றைய வெள்ள விதிப்படி உயர்த்தியாக வேண்டும். கால்வாய் ஓரத்தில் விலையின் பெரும்பகுதி நிலத்துக்கே. கட்டடத்தின் மதிப்பு சின்னது என்பதால் அந்தப் பாதியை ஒரே ஒரு சமையலறை வேலை தொட்டுவிடலாம்.

துறையில் தூண்கள் மரம் என்றால் நீர்மட்டத்தை ஒட்டிய பகுதியை ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள்; மரம் துளைக்கும் கடற்புழு அரித்திருந்தால் உள்ளே இறங்கும். மின்சாரத்துக்கு 30 ஆம்பியர் இணைப்பு கரையில் இருக்கிறதா, கசிவைக் கண்டு துண்டிக்கும் பாதுகாப்பு இருக்கிறதா என்று மின்பணியாளரை வைத்துச் சோதியுங்கள். கசிவு மின்சாரம் தண்ணீரில் இறங்குகிறவர் உயிரைக் குடிக்கும். படகின் ப்ரொப்பெல்லரையும் அரிக்கும். புயலுக்குப் படகை நடுவில் நிறுத்திக் கட்ட, துறையைத் தவிர வெளிப்பக்கம் தனித்தூண்கள் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். இல்லையென்றால் அடிக்க அனுமதி கிடைக்குமா என்று நகராட்சியில் கேட்டுக்கொள்ளுங்கள். அங்கே போகும்போது அந்த முகவரியில் துறை, படகுத் தூக்கி, கரைச்சுவர் ஆகியவற்றுக்கு எடுத்த அனுமதிகளையும் பாருங்கள். இறுதி ஆய்வு முடியாமல் திறந்தே கிடக்கும் அனுமதி ஏதாவது இருந்தால், பத்திரம் முடியும் முன் விற்பவரே அதை முடித்துத் தர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.