ரொட்டி சானாய் வீசும் கை

குண்டர் கும்பல் நாவல் எழுத உட்காரும் நம் மலேசியத் தமிழ் எழுத்தாளர்கள் பெரும்பாலும் தலைவன் காரிலிருந்து இறங்கும் காட்சியில்தான் தொடங்குகிறார்கள். கோலாலம்பூர் செந்தூல் வட்டாரத்தின் கடை வரிசை, கறுப்புச் சட்டை, தங்கச் சங்கிலி. மாமாக் கடையில் (இந்திய முஸ்லிம் சாப்பாட்டுக் கடை) பேச்சு நின்றுபோகிறது, பையன்கள் எழுந்து "வாங்கண்ணே" என்கிறார்கள். நாவல் யார் பக்கம் என்பது அந்த ஒரு பக்கத்திலேயே முடிவாகிவிடும். பிறகு முந்நூறு பக்கம் தள்ளி அவனைச் சுட்டுக் கொன்றாலும் படிக்கிற பதினாறு வயதுப் பையன் மனத்தில் தங்குவது முதல் பக்கம்தான்.

வன்முறையைக் குறைத்தால் நாவல் நல்ல நாவல் ஆகிவிடும் என்று நான் நம்பவில்லை. குறைந்துபோயிருப்பது வேறு: பணத்தின் கணக்கு, உடம்பின் வலி, காத்திருக்கும் காலம். இந்த மூன்றையும் வெட்டி எறிந்தால் மிஞ்சுவது வில்லனின் மிடுக்கு மட்டும்தான். 2013 ஆகஸ்டில் உள்துறை அமைச்சு 49 சட்டவிரோதக் கும்பல்களின் பட்டியலை வெளியிட்டபோது உறுப்பினர் எண்ணிக்கை 40,313 என்றது. அதில் ஏறத்தாழ 71 விழுக்காட்டினர் இந்தியர்கள். மக்கள் தொகையில் நாம் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அப்படிப்பட்ட இடத்தில் உட்கார்ந்து எழுதுகிறவருக்குப் பொறுப்பு கூடுதல்.

முதலில் பணம். கும்பலில் கடைசிப் படியில் நிற்கும் பையனுக்குக் கைக்கு என்ன வருகிறது என்று ஒரு தாளில் போட்டுப் பாருங்கள். ஒரு பாசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில், நாற்பது கடை, கடைக்குப் பத்து வெள்ளி (ரிங்கிட்) என்று வைத்துக்கொள்வோம். ஓர் இரவுக்கு 400 வெள்ளி. பாதி மேலே போய்விடும். வண்டி எண்ணெய், சாப்பாட்டுக்கு 40. உள்ளே இருப்பவனின் வக்கீல் செலவுக்கு 60. மீதி 100 வெள்ளியை நான்கு பேர் பிரித்தால் ஆளுக்கு 25. இது கதைக்காகப் போட்ட கணக்கு, உங்கள் நாவலுக்கு உங்கள் எண்களைப் போட்டுக்கொள்ளலாம். இன்றைய குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. 26 நாளுக்குப் பிரித்தால் நாளுக்கு 65 வெள்ளி வருகிறது. பினாங்கு மாநிலப் பிறை ஊரில் தொழிற்சாலைக்குப் போகும் அவன் தங்கை அவனைவிட அதிகம் சம்பாதிக்கிறாள். இதை வசனத்தில் சொல்லாதீர்கள். அவன் அவளிடம் கைப்பேசிக்குக் காசு கேட்கும் ஒரு காட்சி போதும்.

அடுத்தது உடம்பு. நான் அதிக நேரம் செலவிடச் சொல்வது இங்கேதான்.

பாராங் என்னும் வெட்டுக்கத்தியை ஓங்கினால் எந்த மனிதனும் தலையைக் காக்கக் கையைத்தான் தூக்குவான். வெட்டு முன்கையில் விழும். புறப்பக்கத் தசைநாண்கள் அறுந்தால் விரல்களை நீட்ட முடியாது. சுண்டுவிரல் பக்கமாக ஓடும் நரம்பும் அறுந்தால் சுண்டுவிரலும் மோதிர விரலின் பாதியும் மரத்துப்போகும், பிடியில் வலுவிருக்காது. தசைநாணைத் தைத்த பிறகு ஏறக்குறைய ஆறு வாரம் கையைக் கட்டையில் வைத்துப் பாதுகாக்க வேண்டும். கனமான எதையும் தூக்க மூன்று மாதமாவது ஆகும். தைத்த நரம்பு நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில்தான் வளரும். முன்கையின் நடுவிலிருந்து விரல் நுனிவரை 25 சென்டிமீட்டர் என்றால் எட்டு மாதம். அதற்குப் பிறகும் பழைய உணர்வு முழுதாகத் திரும்பும் என்ற உறுதியில்லை.

வெட்டுப்பட்டவர் ரொட்டி சானாய் போடுகிறவர் என்று வையுங்கள். மாவை விரித்து வீசுவதற்கு இரண்டு கை விரல்களும் வேண்டும். நம் நாவல்களில் இவர் அரை வரியில் "ரத்த வெள்ளத்தில்" சரிந்து காணாமல் போகிறார், அடுத்த பத்தி மறுபடி தலைவனின் கண்ணாடிக்குப் போய்விடுகிறது. வெட்டுவதற்கு முன்பே இவருக்குப் பெயர் கொடுங்கள். வெட்டிய பிறகு கேமராவை இவரோடு விடுங்கள். கோலாலம்பூர் பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவு, ஒரு வெள்ளிச் சீட்டு, மருத்துவமனைப் போலீஸ் சாவடியில் வாக்குமூலம் கேட்கும்போது "யாரென்று தெரியாது" என்று அவர் சொல்லும் பொய். கும்பலின் உண்மையான பலம் அந்தப் பொய்யில் தெரியும். தலைவனின் மிடுக்கை எத்தனை பக்கம் வர்ணித்தாலும் இது வராது.

இனி, பிடிபட்ட பிறகு என்ன நடக்கிறது என்பது. பெரும்பாலான கைப்பிரதிகள் சறுக்குவது இங்கே. போலீஸ் பிடித்தது, அடுத்த அத்தியாயத்தில் நீதிமன்றம், அடுத்ததில் சிறை என்று போகிறார்கள். சாதாரண வழக்கில் 14 ஆண்டுக்குக் குறைந்த தண்டனையுள்ள குற்றமென்றால் விசாரணைக் காவல் அதிகபட்சம் 7 நாள், 14 ஆண்டோ அதற்கு மேலோ என்றால் 14 நாள். கும்பல் வழக்குகள் வேறு பாதையில் போகும். போக்கா என்று நாம் சொல்லும் 1959ஆம் ஆண்டு குற்றத் தடுப்புச் சட்டத்தில் முதலில் 21 நாள், பிறகு 38 நாள், அதன்பின் வாரியம் உத்தரவிட்டால் இரண்டாண்டுவரை வழக்கு விசாரணையே இல்லாத தடுப்புக்காவல். சொஸ்மா எனப்படும் 2012ஆம் ஆண்டு பாதுகாப்புக் குற்றங்கள் (சிறப்பு நடவடிக்கைகள்) சட்டத்தின் கீழ் என்றால் 28 நாள் விசாரணைக் காவல். வழக்குப் பதிவான பிறகும் பொதுவாக ஜாமீன் கிடையாது. திட்டமிட்ட குற்றக் கும்பலில் உறுப்பினர் என்று தண்டனைச் சட்டம் 130வி பிரிவில் குற்றம் உறுதியானால் 5 முதல் 20 ஆண்டு. தங்கை சேமிப்புப் புத்தகத்தோடு ஜாலான் டூத்தா நீதிமன்றத்துக்கு வந்து நின்றாலும் அந்தப் பணத்துக்கு அங்கே வேலையில்லை. அண்ணனின் வழக்கு தள்ளிப்போய்க்கொண்டே இருக்கும். ஒவ்வொரு முறையும் அவள் ஒரு நாள் சம்பளத்தை இழக்கிறாள். இந்த அத்தியாயம் சலிப்பாக இருக்கும் என்று பதிப்பாளர் சொன்னாலும் எடுக்காதீர்கள்.

துப்பாக்கியைப் பற்றி ஒரு வார்த்தை. அத்தியாயத்துக்கு இரண்டு முறை சுடும் நாவல் நம் ஊர் நாவலாக இருக்காது. உரிமமில்லாமல் வைத்திருந்தாலே 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி 14 ஆண்டுவரை சிறையும் குறைந்தது 6 பிரம்படியும் உண்டு. கொள்ளை போன்ற குற்றத்தின்போது ஆளைக் கொல்லவோ காயப்படுத்தவோ சுட்டால் 2023வரை கட்டாய மரண தண்டனை. இப்போது நீதிபதி அதற்குப் பதிலாக 30 முதல் 40 ஆண்டும் பிரம்படியும் விதிக்கலாம். விசையைத் தொடும் ஒவ்வொருவனுக்கும் இது தெரியும். அந்தப் பயத்தை எழுதுங்கள்.

காரணம் சொல்வதிலும் கவனம் வேண்டும். தோட்டம் துண்டாடப்பட்டதும், புறம்போக்குக் குடிசைகளிலிருந்து அடுக்குமாடிக்குத் தள்ளப்பட்டதும், பள்ளியில் பின்தங்கிப்போனதும் உண்மை, எழுதத்தான் வேண்டும். ஆனால் இதைத் தலைவன் வாயில் நீண்ட வசனமாக வைத்தால் அது அவனுக்குப் போடும் மாலை. அதே மாடியில் அதே வறுமையில் வளர்ந்த தங்கையின் நாளையும் அருகிலேயே வைத்தால் காரணம் காரணமாக மட்டும் நிற்கும். பினாங்கில் 1867 ஆகஸ்டில் கீ ஹின், துவா பெக் கோங் கும்பல்கள் வெள்ளைக்கொடி, சிவப்புக்கொடிக் கூட்டங்களோடு சேர்ந்து பத்து நாள் மோதிய வரலாற்றை எடுப்பவர்களுக்கும் இது பொருந்தும். பழைய காலம் என்பதால் கொலைக்குக் காவியச் சாயம் ஏறிவிடுவது எளிது.

உண்மையான கும்பல் எண்களைப் பயன்படுத்தாதீர்கள். தைப்பூசக் காவடியிலும் சவ ஊர்வலச் சட்டையிலும் அந்த எண்ணைப் பார்ப்பதே அவர்களுக்குப் பெருமை. நாவலில் அச்சிட்டால் இலவச விளம்பரம். அட்டைப் படத்துக்கும் இதே விதி.

கைப்பிரதி முடிந்ததும் இரண்டு நிறப் பேனாவோடு உட்காருங்கள். கும்பல்காரன் நடப்பது, உடுத்துவது, பேசுவதற்குச் செலவான வரிகளை ஒரு நிறத்தில் கோடிடுங்கள். அவனால் பாதிக்கப்பட்டவர்களுக்குச் செலவான வரிகளை இன்னொன்றில். பிறகு பதினாறு பதினேழு வயதுப் பையன் ஒருவனிடம் படிக்கக் கொடுத்து, ஒரு வாரம் கழித்து அவனுக்கு யார் யார் பெயர் நினைவிருக்கிறது என்று கேளுங்கள். ரொட்டி சானாய் போடுகிறவரின் பெயர் வரவில்லையென்றால் அந்த அத்தியாயத்தை மறுபடி எழுத வேண்டும்.